அட்டெண்டர் மட்டும் உள்ளே வரலாம்

1

போன வாரம் என் முதுகை எனக்கே காட்டினார்கள்.

இடுப்புக்கு மேலே ஒரு பிடிப்பு. குனிந்தால் நிமிர முடியவில்லை. நான் இருக்கிற இந்த ஐந்தோவன் நகரத்தில், ஏன் நெதர்லாந்து முழுவதிலுமே, எது வந்தாலும் முதலில் தெருவுக்கான குடும்ப மருத்துவரிடம்தான் போக வேண்டும். அவரும் எது வந்தாலும் முதலில் பாராசிட்டமால்தான் சொல்வார். தலைவலி, முழங்கால் வலி, மனக்கவலை எல்லாவற்றுக்கும் அதே மாத்திரை. இந்த முறை என்ன கருணையோ, ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். படம் வந்ததும் திரையை அப்படியே என் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுக் காட்டினார் அந்த அம்மாள். "இது உங்கள் முதுகு. என்னைவிட நீங்கள்தான் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்" என்றார். பெரிதாக ஒன்றுமில்லையாம். நடக்க வேண்டும், வலித்தால் பாராசிட்டமால்.

நிம்மதியாக வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவன் நான். சைக்கிளை மிதிக்க மிதிக்க அக்கா ஞாபகம்தான் வந்தது. என் உமா அக்காவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்து இந்த ஆடியோடு ஒரு வருடம் ஆகிறது. அவளுடைய கழுத்தின் படத்தை முடிச்சூரிலிருந்து நாவலூர் வரைக்கும் யார் யாரோ பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. அந்த அருவருப்பை எங்கேயாவது இறக்கி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பதால் எழுதுகிறேன். தாம்பரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எப்படியும் அவர்கள் என் கல்யாணத்திலிருந்தே கோபமாகத்தான் இருக்கிறார்கள்.

2

அக்கா பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முடிச்சூரில் சொந்த வீடு. வயலாக இருந்து மனையாகி, மனையிலிருந்து வீடாகி, பெருவெள்ளத்தில் ஜன்னல் வரைக்கும் முழுகி எழுந்த வீடு. அந்த வெள்ளத்தன்று அரிசி மூட்டையிலிருந்து டிவி வரைக்கும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான். அவள் கணவர் தனசேகர் மாமா மாடியில் நின்றபடி எதை எங்கே வைக்கலாம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். அக்காவுக்குத் தலைவலி என்றால் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். பிரச்சினையே அங்கேதான்.

அப்படிப்பட்டவள் கையிலிருந்து சாக்பீஸ் நழுவ ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "என்னன்னு தெரியலடா ரவி, புடவைக்குப் பின் குத்த முடியல. நடந்தா பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு. டீச்சர், போர்டுல ஏன் கோழிக் கிறுக்கலா எழுதறீங்கன்னு பசங்க கேக்கறாங்க."

ஸ்கேன் எடுத்தார்கள். மூளை, தண்டுவடம் இரண்டையும் அறுத்துச் சரிசெய்கிற ஒரு டாக்டரிடம் போனார்கள். பெயர் வேண்டாம், நல்ல டாக்டர், இளைஞர். அங்கே நடந்ததை அக்காவின் மகன் கார்த்திக் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாவலூரில் ஐ.டி. வேலையில் இருக்கிற பையன், அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போயிருந்தான். டாக்டர் அறை வாசலில் நின்ற பெண் அவர்களைப் பார்த்துச் சொன்னாளாம்: "பேஷண்ட்டை வெளிய உக்கார வைங்க. அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க."

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வருகிற சொந்தக்காரருக்கு அட்டெண்டர் என்று பெயர். நோயாளிக்கு அவர்தான் காது, வாய், மூளை எல்லாம். ஆக, கழுத்து வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தம் நிறுத்திய டிவியில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தைப் பற்றிய செய்தி உள்ளே மாமாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

செய்தி இதுதான். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கிறது. பின்பக்கமாகத் திறந்து எலும்பை எடுத்து, தண்டுவடத்துக்கு இடம் பண்ணிக் கொடுக்க வேண்டும். இப்போது செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். கெட்டுப்போனது முழுதாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. தள்ளிப்போடக் கூடாது. முக்கியமாக, கழுத்தை யாரும் பிடித்துவிடவோ திருப்பவோ கூடாது. கார்த்திக்குக்கு அந்தக் கடைசி விஷயம் நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் டாக்டர் அதை இரண்டு தடவை சொன்னாராம்.

மாமா வெளியே வந்தார். "என்னங்க சொன்னாரு?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல உமா. கொஞ்சம் தேய்மானம். வயசாகுதுல்ல? வா, டிபன் சாப்ட்டுப் போலாம்."

கார்த்திக் தலையாட்டினான். மூன்று பேரும் பொங்கல் வடை சாப்பிட்டார்கள்.

3

அதற்குப் பிறகு ஃபிலிம் ஊர்வலம் கிளம்பியது. இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். நம் பக்கத்தில் நோயாளி டாக்டரைப் பார்க்கப் போக மாட்டார், ஃபிலிம்தான் போகும். அந்தப் பெரிய கவரை ஸ்கூட்டரின் முன்பக்கம் நிறுத்தி, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மாமா குரோம்பேட்டை போனார், வேளச்சேரி போனார். சேலையூரில் எங்கள் சித்தப்பா மகன் பல் டாக்டர். அவனும் ஃபிலிமைத் தூக்கி ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தான். பல்லைப் பிடுங்குகிறவனுக்குத் தண்டுவடத்தைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. நாவலூரில் கார்த்திக்கின் டீம் லீடருடைய மனைவி, யாரோ ஒரு பிசியோதெரபிஸ்டின் மச்சான், எல்லோருக்கும் இருந்தது. அக்கா எப்படி நடக்கிறாள், அவள் கை எதைப் பிடிக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அவள் வீட்டில் கேரட் நறுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

வாட்ஸப்பில் 'உமா ஹெல்த்' என்று ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். மைலாப்பூர் பெரியப்பாவிலிருந்து மஸ்கட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி வரைக்கும் அதில் இருந்தோம். உமா மட்டும் இல்லை. தினமும் காலையில் யாராவது கும்பிடுகிற கை படம் போடுவார்கள். யாராவது மஞ்சளும் மிளகும் சேர்ந்த ஒரு கஷாயத்தைப் போடுவார்கள். ஆபரேஷன் என்று பேச்சு வந்ததும் பெரியப்பா எழுதினார்: ஆடி பொறக்கப்போகுது, ஆவணியில நல்ல நாள் பார்த்து வெச்சுக்கலாம். அதற்கு எத்தனையோ கட்டை விரல்கள் உயர்ந்தன. எனக்கு ஃபோனைத் தூக்கி ஆற்றில் போடலாம் போல இருந்தது.

மாமாவைக் கூப்பிட்டேன். "மாமா, முதல்ல அக்காகிட்ட சொல்லுங்க. அவ கழுத்து அது."

"நீ அங்க உக்காந்துகிட்டு ஈஸியா சொல்லிடுவ ரவி. அவ அழுவா. பிரஷர் ஏறும். பாத்துக்கறது யாரு, நீயா நானா?"

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும், அதனால்தான் கேட்கிறார்கள். அக்காவிடம் நானும் சொல்லவில்லை.

4

சும்மா ஊரைத் திட்டுகிறான் என்று நினைக்கக் கூடாது. சில வருடம் முன்னால் இதற்கு நேரெதிர்க் காரணத்துக்காக இங்கே கொதித்தவனும் நான்தான். என் மனைவி மாலதிக்கு மூளையைச் சுற்றியிருக்கிற உறையில் ஒரு கட்டி. இங்கத்திய டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். புற்று இல்லை, ஆனால் வளர்கிறது, மண்டையோட்டைத் திறந்துதான் எடுக்க வேண்டும், அதில் இன்னின்ன ஆபத்து. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். நடுவில் புகுந்து அவர் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது எனக்கு. மாலதி வெளியே போனதும், "என்னிடம் முதலில் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அந்த மனுஷர் நிஜமாகவே புரியாமல் விழித்தார். "தலை அவருடையதல்லவா?" என்றார்.

மாலதி அன்றைக்கு அழுதாள். மறுநாள் உட்கார்ந்து கேள்விகள் யோசித்தாள். பேச்சு போகுமா, முடி எவ்வளவு எடுப்பார்கள், மறுபடி சைக்கிள் ஓட்டலாமா. அவளே கேட்டாள், அவளே நாள் சொன்னாள். பிழைத்தாள், இப்போது நன்றாகத் திட்டுகிறாள். ஆனால் இந்த ஊரிலும் குமட்ட நிறைய இருக்கிறது. மூளையைத் திறந்து மூடியவளுக்கு மறுநாள் காலையில் சில்லென்ற ரொட்டியில் சாக்லேட் துருவலைத் தூவிக் கொடுத்தார்கள். ஒரு வாய் ரசம் கேட்டால் என்னவென்று புரியவில்லை. தையல் காய்வதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கையில் பாராசிட்டமால்.

எங்கள் மகள் நிலா அப்போது பள்ளியில் படித்தாள். அவளுக்கும் அம்மாவின் தலைப் படத்தைக் காட்டி விளக்கினார்கள். அதனால் அத்தை விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கு இருக்கிறதே. அவள் தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கித்தான் வரும்.

"அப்பா, உள்ள மாமா போனாங்களா? ஆபரேஷன் மாமாக்கா?"

"அப்படி இல்லம்மா. நம்ம ஊர்ல அப்படித்தான். அன்புல மறைக்கறாங்க."

"அது அன்பு இல்ல" என்று சொல்லிவிட்டு, மீதியை டச்சில் கொட்டினாள். கடைசியில் மட்டும் தமிழுக்கு வந்தாள். "நான் அத்தைகிட்ட பேசமாட்டேன். பேசினா சொல்லிடுவேன்."

சொன்னபடியே செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடித்தால் மாடிக்குப் போய்விடுவாள். "நிலா பெரிய மனுஷி ஆயிட்டா போல. அத்தைகூடப் பேச நேரமில்ல" என்று அக்கா ஒரு நாள் சொன்னாள். பரீட்சை என்றேன். புலம்பெயர்ந்தால் பிள்ளைகள் விலகிப் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் பெண்ணை அவள் அத்தையிடமிருந்து விலக்கியது எங்கள் வாட்ஸப் குரூப்.

5

ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கார்த்திக் கூப்பிட்டான். அழுதுகொண்டே பேசினான்.

"ரவி மாமா, அம்மாவால நிக்க முடியல. வலது கை சுத்தமா தூக்க வரல. ஆஸ்பத்திரியில சேத்துட்டோம்."

நடந்தது இது. மாமா ஏதோ வேலையாகத் தாம்பரம் போயிருந்த நேரம். பக்கத்து வீட்டு வசந்தா, பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் சுளுக்கு எடுக்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறார், கை வைத்தால் பறந்துவிடும் என்று அக்காவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த ஆள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டானாம்: "இன்னாம்மா, கட்டையாட்டம் இறுகிக்கீது. டாக்டராண்ட காட்னியா?"

"காட்டிட்டோம்ப்பா. வெறும் தேய்மானம்தானாம்."

"தேய்மானமா? அப்போ நம்மகிட்ட வுடு. ரெண்டு இழுப்புல சரியாப் பூடும்."

அவன் கேட்டான். இவள் தனக்குச் சொல்லப்பட்ட உண்மையைச் சொன்னாள். கன்னத்தையும் பின்தலையையும் சேர்த்துப் பிடித்து அவன் ஒரு திருப்புத் திருப்பியபோது உடம்பெல்லாம் கரண்ட் பாய்ந்ததுபோல் இருந்ததாம். வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது கால் மடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இதை அவள் கார்த்திக்கிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவன் டாக்டரிடமும் என்னிடமும் சொன்னான். மாமாவுக்கு அவள் பீர்க்கன்கரணை போனதே தெரியாது. நோய் தானாக முற்றிவிட்டது என்றுதான் நினைத்தார்.

நான் லீவு கேட்கப் போனேன். என் மேலாளர் தங்கமானவர். "உன் அக்கா உன்னை வரச் சொன்னாரா?" என்று கேட்டார். இல்லை, நான் வருவதே அவளுக்குத் தெரியாது, சொன்னால் பயந்துவிடுவாள் என்று சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் ஒன்றும் புரியவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. எனக்கே சொல்லிக் கேட்டபோது கேவலமாக இருந்தது.

6

அந்த ஆஸ்பத்திரிக் கூடத்தை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது. ஒரு பக்கம் பினாயில், ஒரு பக்கம் காபிக் கடையின் கேக் வாசனை. சுவர் உயர விளம்பரத்தில் ஒரு ரோபோ கை, பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு குடும்பம். முதுகெலும்பு ஆபரேஷனுக்கு யார் அப்படிச் சிரிக்கிறார்கள்? என் பெட்டியில் விமான நிலையச் சீட்டைப் பார்த்துவிட்டு, கோட்டுப் போட்ட ஒரு பெண் ஓடி வந்து, "சார், இன்டர்நேஷனல் லவுஞ்ச் அந்தப் பக்கம்" என்றாள். பதற்றத்தில் எனக்கு வாயில் டச்சு வந்தது. லிஃப்ட் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் பேஜார் பண்ற. பாஸ் கீதா? அட்டெண்டர் பாஸ் இருந்தா மட்டும்தான் மேல வுடுவேன்."

ஆடி நடுவில்தான் ஆபரேஷன். நல்ல நாள் எல்லாம் காற்றில் போயிற்று. இன்சூரன்ஸ் அனுமதி வரவில்லை, சர்க்கரை இறங்கவில்லை என்று அதையும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் தியேட்டருக்குக் கூட்டிப்போக ஆள் வந்துவிட்டது. சம்மதப் படிவம் வந்தது. மாமா அதை வாங்கி, எழுத்து ஒன்றும் தெரியாதபடி மடித்து, கையெழுத்துப் போடுகிற இடத்தை மட்டும் அக்கா முன்னால் நீட்டினார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். வலது கையில் பேனா நிற்கவில்லை. நர்ஸ் மைப் பெட்டி கொண்டுவந்தாள். இடது கட்டை விரலைப் பிடித்து அழுத்தினார்கள். அக்கா அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முடிந்ததும் டாக்டர் வெளியே வந்து, அட்டெண்டர் என்று கூப்பிட்டார். மாமா எங்கேயோ மருந்து வாங்கப் போயிருந்தார். நானும் கார்த்திக்கும் போனோம். கால்கள் தேறும், வலது கை விரல்கள் முழுதாக வருவது சந்தேகம் என்றார். "ஏற்கெனவே நசுங்கின தண்டுவடம் சார். அதைப் போய் முறுக்கினா?"

"இதை இனிமே அவகிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

அவர் களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தார். "நான் ரெடி சார். சொன்னா நாளைக்கு உங்க ஃபேமிலியே வந்து சண்டை போடும். யாரைக் கேட்டு சொன்னீங்கன்னு. தினமும் பாக்கறேன்."

அவர்மேல் கோபப்படலாம் என்றுதான் போயிருந்தேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

வார்டுக்கு மாற்றிய பிறகு, மாமா காபி வாங்கப் போயிருந்தபோது அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். கழுத்தில் பட்டை, அசைய முடியாது, கண்ணை மட்டும் திருப்பினாள்.

"எனக்கு அந்தப் படத்தைக் காட்டு."

கட்டிலுக்கு அடியில் இருந்த கவரை எடுத்து, ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நசுங்கின இடத்தைக் காட்டினேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அதே முகத்தோடு பார்த்தாள்.

"கை வருமா?"

"முழுசா வராதுன்னுதான் சொல்றாங்க அக்கா. நடந்துடுவ."

"கழுத்தைத் தொடக் கூடாதுன்னு முன்னாடியே சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"யார்கிட்ட?"

ஃபிலிமைக் கவருக்குள் சொருகினேன். அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்க அவள் கை எழவில்லை, நான்தான் துடைத்துவிட்டேன். பிறகு சொன்னாள்: "நான் பீர்க்கன்கரணை போனது அவருக்குத் தெரிய வேணாம். நீயும் கார்த்திக்கும் வாயே தெறக்கக் கூடாது. வசந்தா பயத்துல சொல்ல மாட்டா. நாம சொல்லாததாலதான் இவளுக்கு இப்படி ஆச்சுன்னு நெனச்சு நெனச்சே செத்துப் போயிடுவாரு அந்த மனுஷன்."

"நீயுமா அக்கா?" என்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "இன்னும் எத்தனை பேர் எத்தனை பேர்கிட்ட மறைக்கப் போறீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? நீ ஃப்ளைட் ஏறிப் போயிடுவ. எனக்குச் சோறு ஊட்டப்போறது அவர்தானே."

7

இந்த ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் பேசினோம். அக்கா வாக்கர் பிடித்து நடக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வேறு டீச்சர் போட்டுவிட்டார்கள். மாமா அவள் பக்கத்தில் மோடா போட்டு உட்கார்ந்து, ஒரு ஸ்பாஞ்சுப் பந்தை அவள் வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். கையை எடுத்ததும் பந்து விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தார். இளைத்துப் போயிருந்தார், சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"பாத்தியா ரவி, போன வாரத்தைவிட இன்னிக்கு நல்லாப் பிடிக்கிறா. தானா வந்த நோய், தானாப் போயிடும். சீக்கிரமே போர்டுல எழுதிடுவா பாரு."

"ஆமாங்க, இன்னிக்குப் பரவால்ல" என்றாள் அக்கா.

"நீ சொல்லு ரவி, அந்த ஊர் டாக்டருங்களும் இதைத்தானே சொல்றாங்க?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவும் பந்தைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா மாமா, இங்கயும் அப்படித்தான் சொல்றாங்க" என்றேன். சொல்லி முடித்ததும் என் வாயே எனக்கு நாறியது.